சென்னையின் பெயரைச் சுமக்கும் வியாதி

ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் சில பொருள்களுக்கு மவுசு. மதுரை மல்லிகை, திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, காஞ்சீபுரம் பட்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். சென்னைக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஏன் இல்லை? 'மெட்ராஸ் ஐ' இருக்கிறதே!" என்று நம்மவர்கள் வேடிக்கையாகப் பதில் சொல்வார்கள். கண் சிவந்து, நீர் வடிந்து, ஒரு வாரம் பாடாய்ப் படுத்திவிட்டுப் போகும் நோய் அது.

ஆனால் சென்னையின் பெயரைத் தாங்கிய இன்னொரு வியாதியும் உண்டு. அது ஒரு வாரத்தில் போய்விடுவதன்று. உலகெங்கும் நரம்பு வைத்திய நூல்களில் அதற்கு இடம் இருக்கிறது. இருந்தும், மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்காவது அதைப் பற்றித் தெரிந்திருக்குமா என்பது சந்தேகந்தான். 'மதராஸ் இயக்க நரம்பணு நோய்' என்பது அதன் பெயர். அதைக் கண்டு சொன்னவர்கள் சென்னை டாக்டர்கள். அந்த நோய்க்கும், ரசாயன சாஸ்திரத்தில் 'கிரியா ஊக்கி' என்று சொல்லப்படும் பொருள்களுக்கும் உள்ள உறவு ஒரு சுவையான கதை. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

உத்தரவு கொண்டு போகும் நரம்பு

மார்கழி மாதத்து விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பெண் கோலம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரு விரல்களுக்கு இடையே மாவு இழையாக இறங்குகிறது. புள்ளியைச் சுற்றிக் கை வளைகிறது. இது இவ்வளவு சுலபமாக நடக்கிறதே, எப்படி? மூளையிலிருந்து ஒரு நரம்பணு முதுகுத்தண்டு வரை உத்தரவைக் கொண்டு வருகிறது. அங்கே காத்திருக்கும் இரண்டாவது நரம்பணு அதை வாங்கிக்கொண்டு விரலின் தசைக்குக் கொண்டு சேர்க்கிறது. அஞ்சல் ஓட்டம் போன்ற ஏற்பாடு இது. இடுப்பிலிருந்து பாதம் வரை செல்லும் ஒரே நரம்பணுவின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

இந்த இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்குவதுதான் நோய். உத்தரவு வராத தசை வேலையில்லாமல் மெலிகிறது. விரலில் பிடித்த ஊசி நழுவுகிறது. சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை. பிறகு நாக்கு குழறுகிறது, விழுங்குவது கஷ்டமாகிறது, கடைசியில் மூச்சு விடும் தசைகளும் சோர்கின்றன. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அறிவு மங்குவதில்லை. நடப்பது அனைத்தையும் அவர்கள் தெளிவாக உணர்ந்துகொண்டே இருக்கிறார்கள். இதுதான் இந்த வியாதியின் கொடுமை.

பிரான்சு தேசத்து ஷார்கோ என்ற மருத்துவ மேதை 1869-ல் இந்த நோயை விவரித்தார். அமெரிக்காவின் பேஸ்பால் வீரர் லூ கெரிக் இதற்கு இரையாகி 1941-ல் மறைந்தார். பிரபஞ்சத்தின் ரகசியங்களை ஆராய்ந்த ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21-வது வயதில், இந்த நோய் இருப்பது தெரிந்தது. அவர் 2018 வரை வாழ்ந்தது ஓர் அபூர்வம். சாதாரணமாக 50 வயதைத் தாண்டியவர்களையே இது தாக்குகிறது. தாக்கிய பின் பெரும்பாலோர் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளே உயிர் வாழ்கிறார்கள்.

பார்க் டவுனில் கண்ட புதுமை

1950-ல் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார் டாக்டர் பி. ராமமூர்த்தி. மறு ஆண்டே, அவரும் வேலூர் டாக்டர் ஜேக்கப் சாண்டியும் இன்னும் இரு நிபுணர்களும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை இதே சென்னையில் ஆரம்பித்தார்கள். நாடு முழுவதிலும் நரம்பு நிபுணர்களை விரல் விட்டு எண்ணிவிடக் கூடிய காலம் அது.

நாலா ஜில்லாக்களிலிருந்தும் நோயாளிகள் பார்க் டவுனுக்கு வந்து குவிந்தார்கள். அவர்களைப் பரிசோதித்த டாக்டர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இயக்க நரம்பணு நோய் என்று வருகிறவர்களில் பலர் சின்னஞ்சிறு வயதினர்! பள்ளிக்கூடத்துப் பையன்கள், கல்யாணம் ஆகாத பெண்கள். மேல்நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருந்ததற்கும் கண்ணெதிரே கண்டதற்கும் பொருத்தம் இல்லை.

வித்தியாசம் வயதில் மட்டும் இல்லை. ஒரு கை மெலிந்திருக்கும், மறு கை அவ்வளவு மெலிந்திராது. முகத்தின் தசைகளும் நாக்கும் பலம் குன்றியிருக்கும். இவற்றோடு, எவரும் எதிர்பாராத ஒன்று: பலருக்குக் காதும் மந்தம். அசைவுக்கு உத்தரவிடும் நரம்புகளின் நோயில், கேட்கும் நரம்புக்கு என்ன வேலை? குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்த நோய் இருந்ததாகப் பெரும்பாலோர் சொல்லவில்லை. ஆறுதலான செய்தி ஒன்றும் இருந்தது. நோய் மெல்ல நகர்ந்தது. இரண்டு ஆண்டுகள் தாங்குமா என்று அஞ்சப்பட்டவர்கள் பத்து, இருபது ஆண்டுகள், அதற்கு மேலும் வாழ்ந்தார்கள்.

டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-ல் 'நியூராலஜி இந்தியா' என்ற சஞ்சிகையில் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1973-ல், உஷ்ணப் பிரதேசங்களின் நரம்பு நோய்களைப் பற்றி இங்கிலாந்தின் ஸ்பில்லேன் தொகுத்த நூலில், இளம் வயதினரைப் பிடிக்கும் இந்த நோயைப் பற்றி ஜகந்நாதன் ஓர் அத்தியாயம் எழுதினார். 'மதராஸ்' என்ற பெயர் இப்படித்தான் நிலைத்தது. பின்னர் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 36 ஆண்டுகளில் பார்த்த 116 நோயாளிகளின் விவரங்கள் 2008-ல் வெளியாயின. தென்னிந்தியாவுக்கு வெளியே இந்த நோய் மிக அபூர்வம்.

அந்த நாளில் இவர்களிடம் எம்.ஆர்.ஐ. எந்திரமோ மரபணுச் சோதனையோ கிடையாது. கையில் ஒரு சிறு சுத்தியல், இசைக்கவை, நோயாளி சொல்வதைக் கேட்கப் பொறுமை, கேட்டதை எழுதி வைக்கும் பழக்கம். இவ்வளவுதான் முதல். "காது கேட்கிறதா?" என்று கேட்டு, பதிலைக் குறித்து வைத்தார்களே, அந்தச் சிறு குறிப்பு எவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவியது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பதினெட்டாவது யானை

இப்போது ரசாயனத்தின் பக்கம் கொஞ்சம் திரும்புவோம்.

பாட்டி சொன்ன கதை ஒன்று பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பெரியவர் 17 யானைகளை வைத்துவிட்டு இறந்தார். மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, கடைக்குட்டிக்கு ஒன்பதில் ஒரு பங்கு என்று உயில். பதினேழைப் பாதியாக்குவது எப்படி? வழியே போன ஒரு புத்திசாலி தம் யானையையும் சேர்த்துப் பதினெட்டாக்கினார். ஒன்பது, ஆறு, இரண்டு என்று பங்கு பிரிந்தது. கூட்டினால் பதினேழு! மிஞ்சிய தம் யானை மேல் ஏறிக்கொண்டு அவர் வந்த வழியே போனார்.

கிரியா ஊக்கி என்பது அந்தப் பதினெட்டாவது யானைதான். அது உள்ளே புகாவிட்டால் காரியம் நடக்காது, நடந்தாலும் யுகக்கணக்கில் இழுக்கும். புகுந்தால் நொடியில் நடக்கும். முடிந்ததும் அது குறைவில்லாமல் வெளியே வந்து அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும். 1835-ல் ஸ்வீடன் நாட்டு பெர்ஸீலியஸ் இந்த வினோதத்துக்குப் பெயர் சூட்டினார்.

நம் ஊரில் இதைக் காணத் தூரம் போக வேண்டியதில்லை. தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஊர்ந்து போகும் பெட்ரோல் கார்களின் அடியில், புகைக் குழாயில், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரு கூடு இருக்கிறது. விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடை அது ஆபத்துக் குறைந்த வாயுவாக மாற்றிவிடுகிறது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 முதல் இது கட்டாயம். அடையாறு சர்தார் படேல் சாலையில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் பதிலாக என்சைம்களைப் பயன்படுத்தும் முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். என்சைம் என்பது உயிர்கள் தாமே செய்துகொள்ளும் கிரியா ஊக்கி. அதே சாலையிலுள்ள ஐ.ஐ.டி.யில் தேசியக் கிரியா ஊக்கி ஆராய்ச்சி மையம் 2006-ல் ஏற்பட்டது.

காருக்கு ஒரு புகை சுத்தி இருப்பதைப் போல உடம்புக்கும் ஒன்று வேண்டாமா? வேண்டும். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஒரு சிறு பகுதி உயிரணுக்களுக்குள்ளே 'சூப்பராக்சைடு' என்ற முரட்டுப் பொருளாகிவிடுகிறது. அதை அடக்குவதற்கென்றே ஓர் என்சைம் இருக்கிறது. அதன் நடுவே ஒரு தாமிர அணுவும் ஒரு துத்தநாக அணுவும் வீற்றிருக்கின்றன. தாமிரம் வேலையைச் செய்கிறது. துத்தநாகம் வீட்டைக் கட்டிக் காக்கிறது.

இந்தப் புரதத்தை 1938-லேயே மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அது எதற்காக இருக்கிறது என்பது தெரியாமலே 31 ஆண்டுகள் ஓடின. 1969-ல் அமெரிக்காவில் மக்கார்ட் என்பவரும் அவருடைய ஆசிரியர் பிரிடோவிச்சும் அதன் தொழிலைக் கண்டுபிடித்தார்கள். சுருக்கமாக அதை 'எஸ்.ஓ.டி.' என்பார்கள். என்சைம்களிலேயே மிக வேகமாக வேலை செய்பவற்றில் இது ஒன்று.

பிள்ளையார் பிடிக்கப் போய்…

ரசாயனமும் வைத்தியமும் கை குலுக்கிய ஆண்டு 1993. பரம்பரையாக இயக்க நரம்பணு நோய் வரும் சில குடும்பங்களில், இந்த எஸ்.ஓ.டி. என்சைமைச் செய்யும் ஜீனில் பிழை இருப்பது அந்த ஆண்டில் வெளியாயிற்று. இந்த நோய்க்குக் காரணமான ஜீன் ஒன்று பிடிபட்டது அதுவே முதல் தடவை.

"ஆகா, விஷயம் புரிந்துவிட்டது! புகை சுத்தி கெட்டுவிட்டது, விஷம் பெருகி நரம்பைக் கொல்கிறது" என்று எல்லாரும் எண்ணினார்கள். எண்ணியது தவறு என்று சுண்டெலிகள் நிரூபித்தன. பிழையுள்ள மனித ஜீனைப் புகுத்திய சுண்டெலிகளுக்கு, என்சைமின் வேலை குறையாதபோதும் நோய் வந்தது. அந்த என்சைமே இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகளுக்கு அந்த நோய் வரவில்லை!

அப்படியானால் குற்றம் எங்கே? உருவத்தில். புரதம் என்பது நீண்ட மணிமாலை போன்றது. அது சரியாக மடிந்தால்தான் என்சைம். எந்த மடிப்பு சாத்தியம், எது சாத்தியம் இல்லை என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-ல் வெளியிட்ட வரைபடம் அது. இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்தாலும், அதைச் சரிபார்க்க ராமச்சந்திரன் படத்தைத்தான் எடுத்து வைக்கிறார்கள். பிழையுள்ள எஸ்.ஓ.டி. சரியாக மடிவதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிகிறது. இப்படித் தவறாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி நரம்பணுவுக்குள் அடைத்துக்கொள்கின்றன.

இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக் கழகத்தில் சமர் ஹஸ்னைன் என்ற விஞ்ஞானி இந்த இரண்டு துறைகளிலும் உழைத்து வருபவர். தாமிரம் தாங்கிய என்சைம்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எக்ஸ் கதிர்களைக் கொண்டு படம் பிடிப்பது அவருடைய ஒரு கை, எஸ்.ஓ.டி. எப்படிக் குலைகிறது என்று பார்ப்பது மறு கை. செலினியம் கலந்த 'எப்செலன்' என்ற பொருள், பிழையுள்ள எஸ்.ஓ.டி. சரியான உருவம் பெற உதவுகிறது என்று அவருடைய குழுவினர் 2018-ல் சோதனைச்சாலையில் காட்டினார்கள். எப்செலனே ஒரு கிரியா ஊக்கி என்பது இதில் இன்னொரு வேடிக்கை. அது நோயாளிக்கு மருந்தாக இன்னும் வந்துவிடவில்லை. ஆனால் பிழையான எஸ்.ஓ.டி. உற்பத்தியாவதையே குறைக்கும் 'டோபர்சன்' என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. அதை முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு இருவருக்கே இந்த ஜீனில் பிழை இருக்கிறது. ஆயினும், காரணம் தெரிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும் என்பது தெளிவாயிற்று.

வைட்டமின் செய்த அற்புதம்

சென்னை டாக்டர்கள் குறித்து வைத்த காது மந்தத்துக்கு இப்போது வருவோம்.

காது மந்தம், நாக்குக் குழறல், கை மெலிவு, இளம் வயது இவை சேர்ந்த வேறொரு நோயும் உலகில் உண்டு. 1894 முதல் அதை விவரித்த பிரவுன், வியாலெட்டோ, வான் லேர் என்ற மூன்று டாக்டர்களின் பெயர்களைச் சேர்த்து அதை அழைப்பார்கள். நெடுங்காலம் அதற்கு மருந்து இல்லை. குழந்தைகள் மூச்சுத் திணறி மடிந்தார்கள்.

2010-ல் அதன் காரணம் வெளிப்பட்டது. ரிபோபிளேவின் என்று ஒரு வைட்டமின். பி-2 என்றும் சொல்வார்கள். பாலிலும் முட்டையிலும் கீரையிலும் இருக்கும் சாதாரணச் சத்துதான். உடம்பிலுள்ள பல என்சைம்கள் இது கூட நின்றால்தான் வேலை செய்யும். யானைக்குப் பாகன் மாதிரி. இந்த வைட்டமினை உயிரணுக்களுக்குள் எடுத்துச் செல்லும் வாயிற்காவலன் ஜீன் பிழையால் கெட்டுப் போவதே நோயின் மூலம் என்று தெரிந்தது.

வாசல் குறுகியிருந்தால் கூட்டத்தைப் பெருக்கித் தள்ள வேண்டியதுதானே! டாக்டர்கள் வைட்டமினை மிக அதிக அளவில் கொடுத்தார்கள். பல குழந்தைகளுக்கு நோய் நின்றது. சிலர் இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றார்கள். இயக்க நரம்பணுக்களைத் தாக்கும் ஒரு வியாதி, சாதாரண வைட்டமினுக்குப் பணிந்தது! சோதனை முடிவு வரும் வரை காத்திராமல், சந்தேகம் தோன்றியதுமே வைட்டமினைத் தொடங்கிவிட வேண்டும் என்பது இன்றைய வைத்திய விதி.

சென்னையின் வியாதியும் இதுவேதானோ? அடையாளங்கள் அவ்வளவு ஒத்திருந்தன. நிம்ஹான்ஸ் டாக்டர்களும் லண்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து, 'மதராஸ்' நோயாளிகளின் ஜீன்களில் அந்தப் பிழையைத் தேடினார்கள். முடிவு 2013-ல் வெளியாயிற்று: இல்லை. இது வேறு, அது வேறு.

ஏமாற்றந்தான். ஆனால் வீண் போன வேலை என்று சொல்ல முடியாது. பூட்டுக்குச் சாவி தேடுகிறவன், பொருந்தாத சாவியை ஒதுக்கி வைப்பதும் தேடலில் ஒரு பகுதியே. 1970-ல் காது மந்தத்தைக் குறித்து வைக்காமல் விட்டிருந்தால் இந்தச் சாவியைப் பூட்டில் நுழைத்துப் பார்க்கும் யோசனையே எவருக்கும் வந்திருக்காது.

நாம் செய்யக் கூடியது

மதராஸ் நோய்க்கு மூல காரணம் இன்னும் பிடிபடவில்லை. குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆனால் உதவி உண்டு. காதுக்குக் கருவி, தசைகளுக்குப் பயிற்சி, விழுங்குவதற்கு ஏற்ற ஆகாரம், பேசுவதற்குப் பழக்கம் ஆகியவை நோயாளியின் நாட்களைச் சுலபமாக்கும். நீண்ட நாள் வாழக் கூடியவர்கள் ஆகையால், படிப்பும் வேலையும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையைப் போலவே முக்கியம்.

இளைஞன் ஒருவனுக்குக் கை மெலிந்து, பிடி தளர்ந்து, கூடவே காதும் மந்தமானால் அதைக் கண்ணேறு என்றோ, சரியாகச் சாப்பிடாத குறை என்றோ தள்ளிவிடக் கூடாது. இரண்டு வேறு நோய்கள் என்று எண்ணி, கைக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர் என்று அலைவதும் வேண்டாம். நரம்பு நிபுணரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்று இன்று வழங்கும் அதே ஆஸ்பத்திரியில் நரம்பியல் நிலையம் இருக்கிறது. வைட்டமினால் தீரக் கூடிய அந்த மற்றொரு வியாதியாக இருந்தால், ஒவ்வொரு வாரமும் விலை மதிப்பற்றது. அதற்காகக் கடையில் மாத்திரை வாங்கித் தாமே விழுங்குவதும் தவறு. அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டரே.

அடையாறு மத்திய கைலாஷ் சந்திப்பிலிருந்து மேற்கே சர்தார் படேல் சாலையில் போனால் கிரியா ஊக்கிகளை ஆராயும் ஐ.ஐ.டி. தெற்கே ராஜீவ் காந்தி சாலையில் இறங்கினால் தரமணியில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை; அரசாங்கப் பணிக்குப் பிறகு டாக்டர் ராமமூர்த்தி நரம்புச் சிகிச்சை நிலையம் அமைத்த இடம் அது. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரமே. நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்து எழுதியவர்கள் வியாதிக்குப் பெயர் கொடுத்தார்கள். அதன் காரணத்தை இனி அணுக்களுக்குள்தான் தேட வேண்டும். அந்தத் தேடலில் நரம்பு நிபுணரும் ரசாயன நிபுணரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கிறது.

மெட்ராஸ், சென்னை ஆகிவிட்டது. வைத்திய நூல்களில் மட்டும் அந்தப் பழைய பெயர் ஒரு வியாதியின் தலைப்பாக நிற்கிறது. அதே பக்கத்தில் மருந்தின் பெயரும் ஒரு நாள் ஏறினால், அது நம் ஊர்க்காரர் கையால் எழுதப்பட்டதாக இருந்தால், அதைவிடப் பெருமை சென்னைக்கு வேறென்ன வேண்டும்?